காருக்கு ரயில் உண்டு, கார் செய்பவருக்கு இல்லை

தொழிற்சாலை வந்தால் ஊர் வளரும். ஊர் வளர்ந்தால் நெரிசல் வரும். நெரிசல் முற்றினால் சாலையும் ரயிலும் தாமாகப் பின்னால் வந்து சேரும். இதை நம் ஊரில் யாரும் ஒரு வாதமாகக்கூட முன்வைப்பதில்லை. ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை என்று எடுத்துக்கொண்டு மேலே பேசுகிறார்கள். முதலீட்டாளர் மாநாட்டு மேடையில் அமைச்சர்கள் பேசுவதும் இதுதான், பத்திரிகைத் தலையங்கங்கள் எழுதுவதும் இதுதான். போரூர் சிக்னலில் அரைமணி நேரம் நிற்கும் வாடகைக் கார் ஓட்டுநரும் "டிராஃபிக் இருக்குன்னா ஊரு வளருதுன்னு அர்த்தம் சார்" என்று நமக்கே ஆறுதல் சொல்கிறார்.

இந்தக் கருத்து தவறு. கால் நூற்றாண்டாகப் பல்லாயிரம் தொழிலாளர்களின் தூக்கத்தையும், மாலைப் பொழுதையும், சில வேளைகளில் உயிரையும் தின்றுவரும் தவறு. தொழில் வளர்ச்சி எந்த நகரத்தையும் தானாகக் கட்டியதில்லை. எந்தப் பாதையை முதலில் போடுவது, யார் போக, எது போக என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் எடுக்கும் முடிவுதான் நகரத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. இதற்கு வெளிநாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. சென்னையின் வடக்கையும் தெற்கையும் மேற்கையும் நடந்து பார்த்தாலே போதும்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வரை போனது. அந்தப் பாதைக்காகப் பெரம்பூரில் ரயில்வே பணிமனை வந்தது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் அதே பெரம்பூர் வட்டாரத்தில் எழுந்தது அதற்கும் சில பத்தாண்டுகள் கழித்துத்தான். சங்கு ஊதும் சத்தம் கேட்கும் தூரத்தில் தொழிலாளர்கள் குடியிருந்தார்கள். புளியந்தோப்பும் வியாசர்பாடியும் அப்படி நிறைந்த பகுதிகள். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கே பிறந்ததற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஷிஃப்ட் முடிந்ததும் ஒரே தெருவில் நடந்து வீடு திரும்புகிறவர்கள் பேசிக்கொள்ளாமல் இருக்க முடியாது.

தெற்கே திரும்புவோம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அன்று கிண்டி ஒரு தொழில் நகரமே இல்லை. கிண்டி தொழிற்பேட்டை வந்தது 1958-ல். மின்சார ரயில் ஓடி இருபத்தேழு ஆண்டுகள் ஆன பிறகு, ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் தொழிற்பேட்டைக்கு இடம் தேர்ந்தார்கள். 1960களில் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் பக்கத்திலேயே அரக்கோணம் ரயில் பாதை. பட்டரவாக்கத்தில் இறங்கினால் லேத் பட்டறைக்கு நடந்து போய்விடலாம். 1955-ல் திறக்கப்பட்ட பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை தன் தொழிலாளர்களுக்குக் குடியிருப்புகளையே கட்டித் தந்தது. ஆவடி ராணுவ வாகனத் தொழிற்சாலையும் அப்படியே.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பாதை முதலில், குடியிருப்பு அதனுடன், ஆலை அதன் பிறகு, அல்லது மூன்றும் சேர்ந்து. ஆலை வந்து, ஊர் திணறி, ஐந்தாறு தேர்தல் கழிந்த பின் பாதை வந்ததாக இந்தக் கதையில் எங்கும் இல்லை.

அம்பத்தூர் தொழிலாளியின் கையில் இருந்த சீசன் டிக்கெட்டை நான் முக்கியமாக நினைக்கிறேன். திருவள்ளூரிலிருந்தோ திருநின்றவூரிலிருந்தோ வரும் ஒருவர் மாதத்துக்கு ஒரு முறை சிறிய தொகை கட்டி அதை வாங்கினார். முதலாளி சரியில்லை என்று ஒரு பட்டறையை விட்டு அடுத்த பட்டறைக்குப் போனாலும் சீசன் டிக்கெட் அவரிடமே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதே டிக்கெட்டில் அந்தப் பாதையில் போய்வர முடிந்தது. அதே ரயிலில் அவர் மகள் கல்லூரிக்குப் போனாள், அவர் மாமியார் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போனார். ஆலைக்குப் பயன்பட்ட பாதை ஊருக்கும் பயன்பட்டது. அந்தப் பாதை நெடுகப் புறநகர்கள் வளர்ந்தது இதனால்தான்.

இனி ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம்.

ஹூண்டாய் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா 2006-ல் வந்தது, 2014-ல் மூடப்பட்டது. 2010-ஐ ஒட்டி ரெனோ–நிஸான், அப்போலோ டயர்ஸ், பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று ஒரகடம் நிறைந்தது. மின்னணு ஆலைகள் சுங்குவார்சத்திரம் வரை பரவின. உலக வரைபடத்தில் இடம் பிடித்த தொழில் வட்டாரம் இது. தமிழ்நாடு இதில் பெருமைப்படுவதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் இத்தனைக்கும் நடுவில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பயணிகள் ரயில் நிலையம் இல்லை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ரயில் பாதை என்ற பேச்சு பத்தாண்டுக்கு மேலாக நடக்கிறது. இன்னும் பேச்சாகவே இருக்கிறது.

"தானாக வரும்" என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? இவ்வளவு பெரிய தொழில் வளர்ச்சி கால் நூற்றாண்டில் ஒரு ரயில் நிலையத்தைக்கூடத் தானாக இழுத்து வரவில்லையே.

ரயில் பாதைக்கு இங்கே இடமில்லை, பணமில்லை என்று சொல்லிவிட முடியாது. வாலாஜாபாத் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகும் பாதையில் இருக்கும் சிறிய நிலையம் அது. இந்த வட்டாரத்து ஆலைகளில் செய்த புதுக் கார்கள் அங்கே மூடிய சரக்குப் பெட்டிகளில் வரிசையாக ஏற்றப்பட்டு வட மாநிலங்களுக்குப் போகின்றன. நல்ல ஏற்பாடு. டிரெய்லர் லாரிகள் சாலையில் குறைகின்றன, டீசல் மிச்சம். ஆனால் அந்தக் காரை அசெம்பிளி லைனில் நின்று பொருத்தியவர் அதே வாலாஜாபாத்திலிருந்து வேலைக்குப் போக ரயிலை நம்ப முடியாது. அந்தப் பாதையில் பயணிகள் ரயில்கள் ஒரு நாளைக்குச் சிலவே, ஷிஃப்ட் நேரத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. தண்டவாளம் இருக்கிறது, மின்கம்பி இருக்கிறது. காருக்காக ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், ஆளுக்காக யாரும் யோசிக்கவில்லை.

சாலைகளிலும் இதே கதைதான். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் தொழில் வழித்தடம் என்ற பெயரில் அகலமாக்கப்பட்டன. இரண்டும் சந்திக்கும் ஒரகடத்தில் மேம்பாலம் வந்தது. கண்டெய்னர் லாரி தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காகப் போட்ட சாலைகள் அவை. பைக்கில் போகும் ஒப்பந்தத் தொழிலாளி அந்த லாரிகளுக்கு நடுவில்தான் போக வேண்டும். சாலையின் இந்தப் பக்கம் ஆலை, அந்தப் பக்கம் அறை என்றால் நடுவிலுள்ள தடுப்பைத் தாண்டித்தான் ஓட வேண்டும்.

அப்படியானால் இவ்வளவு பேர் தினமும் எப்படி வேலைக்குப் போய்ச் சேருகிறார்கள்? கம்பெனி பஸ்ஸில். நம் வளர்ச்சியின் உண்மையான போக்குவரத்து அமைப்பு கம்பெனி பஸ்தான். திட்ட அறிக்கைகளில் அதற்கு இடமே இருப்பதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செய்யாறு, வந்தவாசி, உத்திரமேரூர், அரக்கோணம் பக்கத்துக் கிராமங்களில் விடியலுக்கு வெகு முன்பே வீட்டு விளக்குகள் எரிகின்றன. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போகும் பெண் எழுந்து, குளித்து, டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு பிக்கப் பாயிண்டுக்கு வந்து நிற்கும்போது தெருநாய்கள்கூடத் தூங்கிக்கொண்டிருக்கும். அப்பாவோ தம்பியோ பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். பஸ்ஸில் ஏறியதும் அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். எட்டு மணி நேர வேலைக்கு முன்னும் பின்னும் சாலையில் கழியும் நேரத்தைக் கூட்டினால் நாளின் பாதி போய்விடுகிறது. அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. எந்தப் புள்ளிவிவரத்திலும் அது உழைப்பாகக் கணக்கில் வருவதில்லை.

மாலையில் ஷிஃப்ட் மாறும் நேரம் சுங்குவார்சத்திரத்தில் நின்று பாருங்கள். முன்கண்ணாடியில் கம்பெனிப் பெயரும் ரூட் எண்ணும் ஒட்டிய பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்றில் முழுக்கூட்டம், அடுத்ததில் பாதி இருக்கை காலி. இரண்டும் ஒரே ஊருக்குத்தான் போகின்றன, ஆனால் வேறு வேறு கம்பெனி. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை பொருந்தினால்தான் ஏற முடியும். அதே நிறுத்தத்தில் மூட்டையோடு நிற்கும் பாட்டி, பள்ளி விட்டு வந்த பிள்ளை, பக்கத்துக் கடையில் வேலை செய்யும் பையன் எல்லாரும் அந்தப் பஸ் வரிசை கடந்து போகும் வரை பார்த்துக்கொண்டு நின்று, பிறகு வரும் ஒரே அரசுப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். சாலையை நிறைப்பது பஸ்கள்தான், ஆனால் ஊருக்குப் பஸ் இல்லை.

இந்த ஏற்பாட்டில் தொழிலாளிக்கு இன்னொரு கட்டும் இருக்கிறது. வேலையை விட்டால் பஸ்ஸும் போய்விடும். பக்கத்து ஆலையில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தருகிறார்கள் என்று தெரிந்தாலும், அந்தக் கம்பெனி பஸ் தன் ஊர்ப் பக்கம் வருவதில்லை என்றால் போக முடியாது. ஓ.டி. பார்க்க நின்றால் ரூட் பஸ்ஸைத் தவறவிடலாம். பிறகு ஷேர் ஆட்டோ, அதற்குப் பிறகு இருட்டில் நடை. அம்பத்தூர்த் தொழிலாளியின் சீசன் டிக்கெட் அவருடையது. இவருடைய பயணம் முதலாளியுடையது. ஷிஃப்ட் முடிந்ததும் இருபது திசைகளில் பஸ்கள் பிரிந்து போவதால், ஒரே லைனில் வேலை செய்கிறவர்கள் வெளியில் சந்தித்துப் பேசுவதும் அரிதாகிவிடுகிறது.

தூரம் தாங்காதவர்கள் ஹாஸ்டலுக்கு வருகிறார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் கெட்ட உணவால் பலர் நோயுற்றார்கள். பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வி அன்றுதான் செய்தியானது, ஏனென்றால் அன்றுதான் கண்டெய்னர் லாரி நின்றது. அதன் பிறகு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 படுக்கைகள் கொண்ட தங்கும் வளாகத்தைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. பெரிய முயற்சி, வரவேற்கிறேன். ஆனால் அது படுக்கைகளின் எண்ணிக்கை. கல்யாணமான பெண் தன் கணவனோடும் குழந்தையோடும் அங்கே குடியிருக்க முடியாது. அவளுக்கு வேண்டியது வாடகைக்கு ஒரு வீடு, நடந்து போகும் தூரத்தில் பள்ளி, வீட்டிலிருந்து ஆலைக்கு யார் வேண்டுமானாலும் ஏறக்கூடிய ஒரு வண்டி. பெரம்பூரில் 1950களில் இதைத் தெரிந்துதான் குடியிருப்பு கட்டினார்கள்.

இப்படி ஆனதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அந்தக் கோட்டுக்கு வெளியே. 2022-ல்தான் எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அதற்குள் ஆலைகள் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஸ்ரீபெரும்புதூர் அண்மைக்காலம் வரை பேரூராட்சி. வல்லமும் ஒரகடமும் கிராம ஊராட்சிகள். குளத்தைத் தூர்வாரவும் தெருவிளக்கு போடவும் வருமானம் தேடும் ஊராட்சி, பன்னாட்டு நிறுவனங்களின் ஷிஃப்ட் போக்குவரத்தைத் திட்டமிட முடியுமா? பஸ், ரயில், மெட்ரோ மூன்றையும் ஒன்றாகத் திட்டமிட ஓர் ஆணையம் வேண்டும் என்று 2010-ல் சட்டம் வந்தது. ஆணையத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். ஆலைக்கு நிலம் எடுத்துத் தரும் அமைப்பு அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூடத் தூங்கவில்லை.

இனி எதிர்த்தரப்பு வைக்கும் இரண்டு வாதங்கள்.

முதலாவது, "சாலையை அகலப்படுத்தினால் சரியாகிவிடும்." சென்னை இதைச் செய்து பார்த்துவிட்டது. 2008-ல் கத்திப்பாரா மேம்பாலம் முழுமையாகத் திறந்தபோது நெரிசல் முடிந்தது என்று கொண்டாடினோம். இன்று வேலை விடும் நேரத்தில் அந்த மேம்பாலத்தின் மேலேயே வண்டிகள் நிற்கின்றன. சாலை அகன்றதும் பஸ்ஸில் போனவர் பைக் வாங்குகிறார், பைக்கில் போனவர் கார் வாங்குகிறார், இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளி மனை போடுகிறார்கள், அகன்ற சாலை மீண்டும் நிறைகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையைச் சில இடங்களில் இருபதுக்கும் மேற்பட்ட தடங்களாக விரித்தார்கள்; சில ஆண்டுகளில் உச்ச நேரப் பயணம் முன்பைவிட நீண்டது. நிலமும் பணமும் நம்மைவிடப் பலமடங்கு உள்ள ஊரிலேயே அதுதான் நடந்தது.

இரண்டாவது வாதம் கனமானது, அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். "ரயிலும் வீடும் வரட்டும் என்று காத்திருந்தால் கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போயிருக்கும். வேலை இல்லாத ஊரில் ரயில் எதற்கு?" வேலை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் மறுக்கவில்லை. செய்யாற்றுப் பெண் முதல் மாதச் சம்பளத்தை வாங்கி வீட்டில் கொடுக்கும்போது அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு ஏற்படும் மதிப்பு சாதாரணமானது அல்ல. ஆனால் யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை. கம்பெனியை அழைக்கும் ஒப்பந்தத்தில் நிலத்துக்கு விலைச் சலுகை இருக்கிறது, முத்திரைத்தாள் சலுகை இருக்கிறது, தடையில்லா மின்சாரம் இருக்கிறது, வரியைத் திருப்பித் தருவதும் இருக்கிறது. அதே காகிதத்தில் ஆட்கள் எப்படி வருவார்கள் என்று ஒரு பத்தி எழுதுவதால் எந்தக் கம்பெனியும் ஓடிப்போகாது. கம்பெனி பஸ்ஸுக்கு அவர்கள் இன்றும் பெரிய தொகை செலவழிக்கிறார்கள். அந்தப் பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்குத் திருப்ப முடியும்.

பிரான்ஸ் இதைத்தான் செய்தது. 1971-ல் பாரிஸ் வட்டாரத்தில், மிகச் சிறிய நிறுவனங்கள் தவிர மற்ற முதலாளிகள் எல்லோரும் சம்பளத் தொகையில் குறிப்பிட்ட சதவீதத்தைப் பொதுப் போக்குவரத்துக்குப் பங்களிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பிறகு மற்ற நகரங்களுக்கும் விரித்தார்கள். இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. தொழிற்புரட்சியின் பிறப்பிடமான பிரிட்டனிலும் தொழிலாளிக்கு ரயில் தானாக வரவில்லை. ரயில் கம்பெனிகள் காலையிலும் மாலையிலும் குறைந்த கட்டணத்தில் தொழிலாளர் ரயில் ஓட்ட வேண்டும் என்று 1883-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத்தான் கட்டாயப்படுத்தியது. தொழில் வளர்ந்தால் எல்லாம் தானாக வரும் என்ற விதி உண்மையாக இருந்திருந்தால், அங்கே அந்தச் சட்டத்துக்கே தேவை இருந்திருக்காது.

நம் ஊரிலேயே அண்மைச் சான்று உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. எந்த ஆலையும் அதைக் கொண்டுவரவில்லை, எந்தச் சந்தை விதியும் கொண்டுவரவில்லை. அரசு ஒரு நாள் முடிவெடுத்தது, மறுநாள் காலை பஸ்ஸில் பெண்கள் ஏறினார்கள். முடிவெடுத்தால் எவ்வளவு விரைவில் நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மெட்ரோவைச் சொல்வார்கள். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை நீட்டிக்கும் திட்டம் தயாராகிறது. வரட்டும், சீக்கிரம் வரட்டும். ஆனால் அது எப்போது பேசப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. பரந்தூரில் விமான நிலையம் என்று முடிவான பிறகுதான் இந்தப் பாதைக்கு உயிர் வந்தது. கால் நூற்றாண்டாக அந்த நெடுஞ்சாலையில் விடியற்காலையில் போய் வந்தவர்கள் ஒரு ரயிலுக்குப் போதுமான காரணமாகத் தெரியவில்லை. இன்னும் பிறக்காத விமான நிலையத்தின் பயணி போதுமான காரணமாகிவிட்டார்.

இப்போது பனப்பாக்கம். ராணிப்பேட்டை மாவட்டத்தில் டாடா மோட்டார்ஸின் கார் ஆலைக்கு அங்கே 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த வட்டாரத்துக்குக் காலணி ஆலையும் வருகிறது. ஸ்ரீபெரும்புதூரில் செய்த தவறை முன்கூட்டியே தடுக்க இன்னும் வாய்ப்புள்ள இடம் அது. அங்கிருந்து எட்டும் தூரத்தில் திருமால்பூர் ரயில் நிலையம் இருக்கிறது. வாலாஜாபாத்தில் காரை ஏற்றிப் போகும் அதே அரக்கோணம்–செங்கல்பட்டுப் பாதைதான் அது, 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காஞ்சிபுரம் நடுவில் இருக்கிறது, இரு முனைகளிலும் சென்னைப் புறநகர் ரயில்கள் இருக்கின்றன. ஒற்றைத் தண்டவாளத்தை இரட்டையாக்கி, ஷிஃப்ட் நேரத்துக்கு மின்சார ரயிலும், நிலையத்திலிருந்து ஆலை வாசலுக்கு யார் வேண்டுமானாலும் ஏறக்கூடிய அரசுப் பேருந்தும், ரயிலடியில் வாடகை வீடுகளும் என்று மாநில அரசும் ரயில்வேயும் ஆலைகளும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட அதே மேசையில் அதையும் வைத்துக் கையெழுத்திடட்டும், கம்பெனி பஸ் ஒப்பந்ததாரர்கள் பிக்கப் பாயிண்ட் பட்டியலைத் தயாரித்து முடிப்பதற்கு முன்பே.